இருவகைச் சங்கோசம்

மருத்துவக் கேள்வி-பதில்

இம்மாதம் என் மேஜைக்கு வந்த கடிதக் கட்டில் ஐந்து கடிதங்கள் ஒரே விஷயத்தைப் பற்றியவையாக இருந்தும், அவற்றை எழுதிய ஐவரில் ஒருவர்கூட அவ்விஷயத்தை முதல் வரியில் எழுதத் துணியவில்லை. மூட்டுவலி, தலைவலி, கண்ணில் புரை என்று எதையெதையோ தொட்டுவிட்டு, விடைபெற்று வாசற்படி தாண்டிய பிறகு திரும்பி நின்று 'இன்னொன்று சொல்ல மறந்தேன்' என்பவரைப்போலக் கடைசிப் பத்தியில்தான் நெஞ்சைத் திறந்திருக்கிறார்கள். வெகுகாலம் புறநோயாளிகளின் எதிரே அமர்ந்த பழக்கத்தால், எந்தக் கடிதத்திலும் கடைசிப் பத்தியை முதலில் படிப்பதே என் வழக்கமாகிவிட்டது. ஆகையால் இம்மாதப் பக்கங்கள் முழுவதையும் அந்தக் கடைசிப் பத்திகளுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: டாக்டரம்மா அவர்களுக்கு நமஸ்காரம். எனக்கு வயது 46. மூன்று குழந்தைகள்; மூன்றும் சுகப்பிரசவம். கொஞ்சம் பருத்த உடம்பு. இரண்டு வருஷமாக மூட்டுவலி இருக்கிறது. அதற்கு என்ன சாப்பிடலாம் என்று கேட்கவே எழுதுகிறேன். இன்னொன்று, தும்மினாலும் இருமினாலும், வாய்விட்டுச் சிரித்தால்கூட, சிறுநீர் கொஞ்சம் கசிந்துவிடுகிறது. பஸ்ஸில் வெளியூர் போவதையும் கல்யாணங்களுக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டேன். பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம்தான் என்கிறார் மாமியார். அப்படித்தானா?
— ஒரு வாசகி, மாயவரம்

பதில்: மூட்டுவலியைப் பற்றிப் பின்னர் இரண்டு வார்த்தை சொல்கிறேன், அம்மணி; தாங்கள் எழுத உட்கார்ந்தது அதற்காக அன்று.

தங்கள் மாமியார் கூறியதில் பாதி மெய். பிள்ளை பெற்ற ஸ்திரீகளிடம் இவ்வுபாதை மிகச் சகஜமாகவே காணப்படுகிறது. ஆனால் பல்வலியும் உலகில் சகஜமே என்பதற்காக யாரும் ஆயுள் முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவதில்லை. சகஜம் என்ற சொல்லையே சமாதானமாக எடுத்துக்கொண்டு, கல்யாணப் பந்தியையும் கோயில் திருவிழாவையும் விட்டொதுங்கி, ஒரு டம்ளர் தண்ணீருக்குக்கூட அஞ்சி வாழும் ஸ்திரீகள் எத்தனை பேரைக் கண்டிருக்கிறேன் என்று நினைத்துப் பார்க்கையில், அந்தச் சொல்லின்மீதே எனக்குக் கோபம் வருகிறது.

உத்தரத்திலிருந்து பழம்புடவையைத் தொங்கவிட்டுக் குழந்தைக்குத் தூளி கட்டுவதைத் தாங்கள் மூன்று முறை செய்திருப்பீர்கள். இடுப்பெலும்புக் கூட்டின் அடியில், முன்புறம் அடிவயிற்றின் கீழ்க்கோடியில் கைக்குத் தட்டுப்படும் எலும்பிலிருந்து பின்புறம் வாலெலும்பு வரையில், இருபக்கத்து எலும்புச் சுவர்களையும் பற்றிக்கொண்டு, அத்தகைய தூளியொன்றைத் தசைகளால் இயற்கை கட்டிவைத்திருக்கிறது. இடுப்புத்தளத் தசைகள் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். மூத்திராசயம், கர்ப்பாசயம், மலாசயம் என்னும் மூன்று அவயவங்களும் முன்னும் நடுவும் பின்னுமாக அதன்மேல் அமர்ந்திருக்க, அவற்றினின்று வெளிவரும் வழிகள் மூன்றும் அத்தூளியை ஊடுருவியே செல்கின்றன. ஆகவே துணித் தூளிக்கு இல்லாத கடமைகள் இதற்கு உண்டு: மேலுள்ள பாரத்தை இரவும் பகலும் தாங்குவதோடு, வேண்டாத வேளையில் அவ்வழிகளை இறுக்கி மூடவும், வேண்டிய வேளையில் தானே தளர்ந்து திறந்துவிடவும் இது அறிந்திருக்க வேண்டும்.

ஒருவர் தும்மும்போது வயிற்றினுள் அழுத்தம் சடக்கென்று ஏறுகிறது. ஆரோக்கியமான தசைத்தூளி அந்தக் கணத்திலேயே, நமக்கு அறிவிக்காமலே, மேல்நோக்கி இறுகி மூத்திரக் குழாயை அழுத்தி மூடிவிடும். பிரசவ காலத்தில் குழந்தையின் தலை வெளிவருவதற்காக, இத்தசைகளில் நடுப்புறத்தவை தம் இயல்பான நீளத்தைப்போல் சுமார் 3 மடங்கு நீள வேண்டியிருக்கிறது என்று கணினி மாதிரிகளால் கணித்திருக்கிறார்கள். தேகத்திலுள்ள வேறெந்தத் தசையையும் அப்படி இழுத்தால் அது கிழிந்தே போகும். மூன்று முறை அவ்வாறு நீண்டு மீண்ட ஒரு தசைக்கு, அதன்பின் ஒருநாளும் அப்பியாசம் தரப்படாமல் போனால், தும்மலின் வேகத்துக்கு ஈடுகொடுக்க அது ஒரு கணம் பிந்துவதில் ஆச்சரியமில்லை. மாதவிடாய் நிற்கும் பருவம் நெருங்க நெருங்க ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைந்து அப்பகுதியின் திசுக்கள் மெலிவதும் இதனோடு சேர்ந்துகொள்கிறது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சற்றே நின்று பேச அனுமதிக்க வேண்டும். 'சங்கோசம்' என்ற வடசொல்லுக்குச் சுருங்குதல் என்பதே மூலப்பொருள். லஜ்ஜையினால் மனிதர் தமக்குள் சுருங்கிக்கொள்வதைக் கண்டு, பிற்பாடு கூச்சத்துக்கும் அதுவே பெயராயிற்று. தமிழில் நாம் முதற்பொருளைக் கைவிட்டு இரண்டாம் பொருளை மாத்திரம் பத்திரமாக வைத்துக்கொண்டோம். இவ்வுபாதை கொண்ட ஸ்திரீகளின் நிலைமையும் அவ்வாறே இருக்கிறது: சுருங்க வேண்டிய தசை சுருங்காமல் போய், சுருங்க வேண்டாத மனம் சுருங்கிவிட்டது. என் சிகிச்சை முழுவதும் இவ்விரண்டையும் இடம் மாற்றிவைக்கும் பிரயத்தனந்தான்.

அப்பியாசத்தைச் சொல்கிறேன். முழங்கால்களை மடக்கி மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் கூடிய சபையில் வாயு பிரிந்துவிடாமல் அடக்கிக்கொள்ளும்போது பின்வழியை எவ்வாறு உள்ளே இழுப்போமோ அவ்வாறு இழுத்து, அதே மூச்சில் சிறுநீரை நிறுத்துவதாகவும் பாவனை செய்து, இரண்டையும் சேர்த்து மேல்நோக்கித் தூக்குங்கள். வயிறோ தொடையோ பிட்டமோ இதில் கலந்துகொள்ளலாகாது. மூச்சையும் பிடித்து வைக்கலாகாது. எதிரே அமர்ந்திருப்பவருக்குத் தாங்கள் ஏதோ செய்கிறீர்கள் என்பதே தெரியக் கூடாது. ஆரம்பத்தில் மூன்று நான்கு வினாடிகள் தாங்கினால் போதும். பிறகு அதே அளவு நேரம் முழுவதும் தளர விடுங்கள். வாரக்கணக்கில் பழகப் பழக 10 வினாடி வரையில் தாங்கும். ஒரு வேளைக்கு 8 முதல் 12 தடவை, நாளைக்கு மூன்று வேளை; ஒவ்வொரு வேளையின் முடிவிலும், பிடித்ததும் விட்டுவிடுகிற வேகச் சுருக்கங்கள் சில. தாங்கும் இழை, பாயும் இழை என்று இருவகை இழைகளும் அத்தசையில் இருப்பதால் இருவகை அப்பியாசமும் தேவைப்படுகிறது. பலனைப் பற்றி மூன்று மாதத்துக்குள் முடிவு செய்துவிடாதீர்கள். சிறுநீர் கழிக்கும்போதே பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகும்படி சிலர் சொல்வதுண்டு; தசை எது என்று கண்டுகொள்ள ஒருமுறை அப்படிச் செய்து பார்க்கலாமே தவிர, அதையே அப்பியாசமாக வைத்துக்கொண்டால் மூத்திராசயம் முழுவதும் காலியாகாத வேறொரு தொல்லை வந்து சேரும்.

சொல்லக் கேட்டு மட்டும் இதைச் சரியாகச் செய்துவிட எல்லாராலும் முடிவதில்லை. 1991-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், வாய்மொழியாக மட்டும் கற்பிக்கப்பட்ட பெண்களில் ஏறக்குறையப் பாதிப்பேரே செம்மையாகச் செய்தனர். கால்பங்கினரோ உபாதையை அதிகப்படுத்தக்கூடிய முறையில் செய்துகொண்டிருந்தனர். அந்த ஆராய்ச்சியைப் படிப்பதற்கு முன்பே என் பிழையினால் அதை அறிந்துகொண்டேன். நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்துப் பெருமிதத்தோடு அனுப்பிவைத்த ஓர் அம்மாள், நான்கு மாதம் கழித்து முன்னிலும் மோசமாகத் திரும்பி வந்தார். 'இறுக்குங்கள்' என்று நான் எழுதியதை 'முக்குங்கள்' என்று அவர் பொருள் செய்துகொண்டு, நாள் தவறாமல் மூன்று வேளையும் கீழ்நோக்கி முக்கியிருக்கிறார். அன்று முதல் கையால் பரிசோதித்துப் பாராமல் யாருக்கும் இதைக் கற்பித்தேன் என்று நான் சொல்லிக்கொள்வதில்லை. ஆகவே தாங்களும் ஒருமுறை ஒரு பெண் மருத்துவரிடமோ, இதில் பழக்கமுள்ள பிசியோதெரபிஸ்டிடமோ சென்று, தசை மேலே வருகிறதா கீழே போகிறதா என்று பார்க்கச் செய்யுங்கள்.

இதற்குக் 'கெகல் பயிற்சி' என்று உலகெங்கும் பெயர். லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்து மகளிர் மருத்துவரான ஆர்னால்டு கெகல் 1948-ஆம் ஆண்டில் இதைப் பற்றி எழுதியதோடு, தசை இறுகும்போது முள் நகர்ந்து காட்டும் பெரினியோமீட்டர் என்னும் கருவியையும் உண்டாக்கினார். அவருக்கு முன்னரே 1936-இல் மார்கரெட் மாரிஸ் என்னும் ஆங்கிலேய நடனக் கலைஞர் இத்தசைகளுக்கான பயிற்சிகளை நூலாக எழுதியிருந்தார். நம் ஹடயோக நூல்களில் வரும் மூலபந்தமும், குதிரையின் செய்கையைப் பார்த்துப் பெயரிட்டு கேரண்ட சம்ஹிதை விவரிக்கும் அசுவினி முத்திரையும் இதே தசைகளைத்தான் இழுக்கச் சொல்கின்றன. அந்த யோகிகளின் நோக்கம் வேறு என்றாலும், அவர்கள் கண்டுபிடித்த தசை இதுவே.

தசை பலப்படுவதற்கு மாதங்களாகும். ஆனால் ஓர் உபாயத்தை இன்றே கைக்கொள்ளலாம். தும்மலோ இருமலோ வரப்போகிறது என்று மூக்கும் தொண்டையும் அறிவிக்கும் அந்த ஒரு கணத்தில், முந்திக்கொண்டு தசையை இறுக்கிவிடுங்கள். பாரம் தூக்கும் முன்பும் அவ்வாறே. இந்த முந்துதலை ஒரு வாரம் பழகிய மாத்திரத்திலேயே இருமும்போது கசிவது கணிசமாகக் குறைவதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 1998-இல் அளந்து காட்டினர்.

தண்ணீரைக் குறைத்தது விபரீதம். சிறுநீர் அடர்த்தியாகி மூத்திராசயத்தை உறுத்துகிறது. நோய்க்கிருமிகள் குடியேற இடமாகிறது. மலம் இறுகி, முக்க நேர்ந்து, அந்த முக்கலே தூளியை இன்னும் தளர்த்துகிறது. நம் பேருந்து நிலையங்களில் ஸ்திரீகள் கால் வைக்கக்கூடிய கழிப்பிடம் அரிதாக இருக்கும்வரை, பயணத்தன்று தண்ணீருக்கு அஞ்சும் பெண்ணைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் வீட்டிலிருக்கும் நாளிலாவது தாகத்துக்குத் தக்கபடி குடியுங்கள். காபியையும் தேநீரையும் குறைக்கலாம்.

குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதுமே, அல்லது வாசலில் சாவியைத் திருப்பும்போதே, அடக்க முடியாத அவசரம் எழுந்து ஓடுவதற்குள் கசிந்துவிடுமானால், அது வேறு வகை. தூளியின் பலவீனத்தைவிட மூத்திராசயத்தின் பதற்றமே அங்கே பிரதானம். 'எதற்கும் ஒருமுறை போய்விட்டு வருவோம்' என்று அரைமணிக்கொருதரம் போய்ப் போய், கொஞ்சத்துக்கே கூப்பாடு போடும்படி அதைப் பழக்கிவிட்டிருப்போம். அதற்கு, கழிக்கும் இடைவேளையைக் கடிகாரம் பார்த்துச் சிறிது சிறிதாக நீட்டி, பகலில் ஆறு முதல் எட்டுத் தடவை என்ற இயல்பான அளவுக்குக் கொண்டுவரும் பயிற்சியைக் குறைந்தது ஆறு வாரம் செய்ய வேண்டும். எந்த வகையானாலும் முதலில் சிறுநீர்ப் பரிசோதனையும் சர்க்கரைப் பரிசோதனையும் செய்துகொள்வது அவசியம்.

இப்போது மூட்டுவலி. எடை அதிகமானவர்களுக்கு மூட்டையும் இத்தூளியையும் நசுக்குவது ஒரே பாரந்தான். 2009-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஆறு மாதத்தில் உடலெடையில் சுமார் 8 சதவீதம் குறைத்த பெண்களுக்குக் கசியும் தடவைகள் 47 சதவீதம் குறைந்தன. ஆக, தாங்கள் முதல் வரியில் கேட்டதற்கும் கடைசி வரியில் கேட்டதற்கும் மருந்து ஒன்றாகவே அமைந்துவிட்டது.

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. ஐந்து பிரசவம். நேற்று வரை நடவுக்கும் களைக்கும் போனவர். கண்ணில் புரை வந்திருக்கிறது. அதோடு, அடி இறங்கிவிட்டது. பத்து வருஷமாக இருக்கிறதாம், எனக்கே போன மாதந்தான் தெரியும். காலையில் கையால் உள்ளே தள்ளிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்கள் என்று வர மறுக்கிறார்.
— மகள், திருத்துறைப்பூண்டி

பதில்: பத்து வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்த மகளுக்குத் தெரியாமல், விடியுமுன் எழுந்து தன் அவயவத்தைத் தன் கையாலேயே உள்ளே தள்ளிக்கொண்டு, முழங்கால் சேற்றில் குனிந்து நாற்று நட்டிருக்கிறார் தங்கள் தாயார். இந்த வரியைப் படித்த பிறகு நெடுநேரம் எனக்குப் பதில் எழுத ஓடவில்லை.

நம் கிராமங்களில் அடி இறக்கம், அடி தள்ளுதல் என்று சொல்லப்படும் இது, முன்னே நான் வர்ணித்த தூளி மிகவும் தளர்ந்து, கர்ப்பாசயத்தைப் பிடித்திருக்கும் நார்களும் இழுபட்டு, அது பிறப்புவழியே கீழே சரிவதுதான். சில பேருக்கு மூத்திராசயமும், சிலருக்கு மலாசயமும் கூடவே புடைத்துக்கொண்டு வரும். பல பிரசவங்கள்; பிரசவமான சில நாட்களிலேயே தண்ணீர்க் குடத்தையும் புல்லுக்கட்டையும் தூக்க நேர்ந்த வறுமை; விறகடுப்புப் புகையினால் நாள்பட்ட இருமல்; மலச்சிக்கல் ஆகிய இவை யாவும் சேர்ந்து இதைக் கொண்டுவருகின்றன. புற்றுநோயாக மாறிவிடுமோ என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. இறக்கம் புற்றுநோயன்று, அதாக மாறுவதுமில்லை. ஆனால் வெளியே வந்த பாகம் துணியில் உரசிப் புண்ணாவதும், மூத்திராசயம் மடங்கிச் சிறுநீர் முழுவதும் இறங்காமல் தங்குவதும் உண்டாதலால், அலட்சியமாக இருந்துவிடவும் கூடாது. இரத்தம் படிந்தாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும் என்ற அவருடைய பயம் நியாயமானதே. பல இடங்களில் அதுவே முதற்பேச்சாக இருக்கிறது. ஆனால் கத்தியே இல்லாத வழியொன்று இருக்கிறது. சிலிகான் என்னும் மிருதுவான பொருளாலான வளையத்தை, பிறப்புவழியினுள் அளவு பார்த்துப் பொருத்திவிட்டால், இறங்கிய அவயவம் அதன்மேல் நின்றுகொள்ளும். மயக்க மருந்து வேண்டாம். புறநோயாளியாகவே வைத்துக்கொண்டு அன்றே வீடு திரும்பலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துக் கழுவி, புண் இருக்கிறதா என்று பார்த்துத் திரும்ப வைக்க வேண்டும். அவர் வயதில் ஈஸ்ட்ரோஜன் களிம்பும் கூடக் கொடுப்பார்கள். பெசரி என்று கேட்டால் மகப்பேறு மருத்துவர் எவருக்கும் தெரியும். இது நேற்றைய கண்டுபிடிப்புமன்று. பாதியாக அறுத்த மாதுளம்பழத்தை உள்ளே வைக்கும் யோசனை கிரேக்கத்து ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் பண்டை நூல்களிலேயே இருக்கிறது. அதே நூல்களில், நோயாளியை ஏணியில் தலைகீழாகக் கட்டிக் குலுக்கும் சிகிச்சையும் சொல்லப்பட்டிருக்கிறது. அதை எபேசஸ் நகரத்து சொரானஸ் என்னும் வைத்தியர் பிற்காலத்தில் கண்டித்து ஒதுக்கினார். தங்கள் தாயாருக்கு மருத்துவமனையின்மீது பயமென்றால், மருத்துவத்தின் பழைய சரித்திரத்தில் அதற்கு ஆதாரம் இல்லாமலில்லை!

சஸ்திர சிகிச்சையே வேண்டியதாயினும், கர்ப்பாசயத்தை எடுக்காமல், அதை நாடாவினால் பின்புறத்து எலும்போடு பிணைத்துத் தூக்கி நிறுத்தும் முறையைப் பம்பாயின் புகழ்பெற்ற மகளிர் மருத்துவர் வி. என். சிரோத்கர் வகுத்துத் தந்திருக்கிறார். இளம்பெண்களுக்கு அது பெரிய வரப்பிரசாதமாயிற்று. தங்கள் தாயார் வயதுக்கு எது தக்கது என்பதைப் பரிசோதித்த மருத்துவரே சொல்ல வேண்டும். ஒன்றுமட்டும் எச்சரிக்கிறேன்: பிறப்புவழியாகச் செயற்கை வலை வைத்துத் தைக்கும் முறையினால் பலருக்கு வலியும் திசு அரிப்பும் நேர்ந்து, 2019 ஏப்ரலில் அமெரிக்க அரசின் உணவு-மருந்து நிர்வாகம் இறக்கத்துக்கான அவ்வகை வலைகளின் விற்பனையையே நிறுத்தச் சொல்லிவிட்டது. யாரேனும் வலை என்று சொன்னால், எந்த வழியாக, எதற்காக என்று கேளுங்கள்.

இத்தனை முற்றிய இறக்கத்தை அப்பியாசத்தால் மட்டும் மேலேற்ற முடியாது. தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு அது மிகவும் உதவும். ஆகவே அம்மாவுக்குச் சொல்வதற்கு முன் தாங்கள் செய்யத் தொடங்குங்கள். அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு, மகளிர் நோய்ப் பிரிவுக்கு அவரைக் கண்புரை காட்டும் சாக்கில் அழைத்துச் சென்றாலும் பாதகமில்லை.

கேள்வி: பிரசவமாகி 12 நாள் ஆகிறது. தலைப்பிரசவம், நாலு தையல். அம்மா வீட்டில் இருக்கிறேன். பச்சை உடம்பு என்று தண்ணீரே அதிகம் கொடுப்பதில்லை. வயிறு போடாமல் இருக்கப் புடவையை இறுக்கிச் சுற்றிக் கட்டுகிறார்கள். முடி கொட்டுமா என்று கேட்க வேண்டும். அப்புறம், வெளிக்குப் போவதற்கே பயமாக இருக்கிறது. அடிப்பக்கம் பாரமாகத் தொங்குவதுபோல் இருக்கிறது. உடற்பயிற்சி எப்போது தொடங்கலாம்?
— ஓர் இளந்தாய், மதுரை

பதில்: முடி கொட்டும், குழந்தாய், திரும்ப முளைக்கவும் செய்யும். மற்றதைக் கேள்.

உன் தாயாரிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டு. பிரசவ லேகியத்தின்மீது எனக்கு யாதொரு பகையுமில்லை. பூண்டுக் குழம்பின்மீதும் இல்லை. ஆனால் பால் கொடுக்கும் உடம்புக்குத் தண்ணீரை மறுப்பது எந்தக் காலத்து அனுபவத்தில் உதித்ததோ அறியேன். பால் சுரப்பதற்குத் தண்ணீர் செலவாகிறது, தண்ணீர் குறைந்தால் மலம் இறுகுகிறது, இறுகிய மலத்தை முக்கி வெளியேற்றும் ஒவ்வொரு தடவையும், 12 நாளைக்கு முன் மூன்று மடங்கு இழுபட்ட தசையும் நாலு தையலும் தாங்கவொண்ணாத பாரத்தைத் தாங்குகின்றன. கொதித்து ஆறிய தண்ணீராகக் கொடுங்கள், வெந்நீராகவே கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். கீரையும் பழமும் பத்தியத்துக்கு விரோதமில்லை.

வயிற்றைக் கட்டுவதைப் பற்றிச் சொல்வதானால், முதுகுக்கு ஆதரவாக இதமாகச் சுற்றிய துணியால் சுகமுண்டு. மூச்சு முட்ட இறுக்கினால், பற்பசைக் குழாயை நடுவில் அமுக்குவதுபோல, அழுத்தம் கீழேதான் இறங்கும். நீ சொல்லும் அந்தத் தொங்கும் உணர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணமாகலாம். இரண்டு விரல் நுழையும்படி தளர்த்திக் கட்டச் சொல்.

அப்பியாசத்தை இன்றே தொடங்கலாம். வலிக்காத அளவுக்கு, படுத்தபடியே, மெல்ல. முறையை மாயவரத்து அம்மையாருக்கு எழுதியிருக்கிறேன். குழந்தை பால் குடிக்க வாயை வைக்கும்போதெல்லாம் மூன்று நான்கு தடவை என்று வைத்துக்கொண்டால், மறக்கவே முடியாது. அது மறக்க விடாது. சிசேரியன் ஆனவர்களுக்கும் இது வேண்டும், பத்துமாதம் சுமந்த பாரம் அவர்களுக்கும் உண்டல்லவா? ஆறு வாரம் வரையில் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்காதே. தண்ணீர்க் குடம் அவற்றில் முதலாவது.

வீட்டில் மேல்நாட்டுக் கழிப்பிடமானால், பாதங்களுக்கடியில் சுமார் முக்காலடி உயர மணையொன்றைப் போட்டுக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்கார். மலக்குடலைப் பின்னாலிருந்து வாரிப் பிடித்து வளைத்திருக்கும் ஒரு தசைப்பட்டை அந்தத் தூளியில் இருக்கிறது. முழங்கால் இடுப்பைவிட உயர்ந்தால் அது இளகி, வழி நேராகி, முக்க வேண்டிய அவசியமே குறைகிறது. நம்மூர்க் குந்து கழிப்பிடத்தின் சாமர்த்தியம் அதுதான். வாயுவையோ மலத்தையோ அடக்க முடியாமல் தானே வெளியேறுமானால் மட்டும், ஆறு வாரப் பரிசோதனை வரையில் காத்திராமல் உடனே மருத்துவரிடம் போ. கிழிசல் உள்தசை வரையில் சென்றிருக்கக்கூடும்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியன். வயது 68. தங்கள் பகுதி பெண்களுக்கானது என்பதால் எழுதத் தயங்கினேன். புராஸ்டேட் அறுவை முடிந்து இரண்டு மாதமாகிறது. எழுந்து நடந்தால் சொட்டுகிறது.
— ஒரு வாசகர், சேலம்

பதில்: ஐயா, தூளி தங்களுக்கும் உண்டு, கர்ப்பாசயம் ஒன்றுதான் அதன்மேல் இல்லை. புராஸ்டேட் சுரப்பியை எடுக்கும்போது மூத்திரக் குழாயின் உட்பூட்டு நலிந்துபோவதால், வெளிப்பூட்டாகிய இத்தசையே முழுப்பொறுப்பையும் ஏற்க வேண்டியதாகிறது. மேலே சொன்ன அப்பியாசத்தை, முதலில் படுத்தும் பிறகு நின்றும், நாற்காலியை விட்டு எழும் ஒவ்வொரு தடவைக்கு முன்பும் செய்து வாருங்கள். இரண்டு மாதத்தில் மனம் தளர வேண்டாம். ஓராண்டுக்குள் பெரும்பாலோருக்கு நன்கு குறைகிறது. எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் அறுவை செய்தவரிடம் தெரிவியுங்கள்.

கேள்வி: எனக்கு 29 வயது. கல்யாணமாகி ஒரு வருஷம். அடிக்கடி தலைவலி. உட்கார்ந்தால் அடியில் வலிக்கிறது. சிறுநீர் தொடங்கவே நேரமாகிறது. கணவரோடு இருப்பதும் வேதனையாக இருக்கிறது. செல்போனில் வீடியோ பார்த்து ஒரு நாளைக்கு 200 தடவை கெகல் பயிற்சி செய்கிறேன். வலி அதிகந்தான் ஆகிறது.
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முதலில் அந்த 200-ஐ நிறுத்து, பெண்ணே.

இதுவரை நான் எழுதியதெல்லாம் தளர்ந்த தூளிக்கு. உன்னுடையதோ தளரவே மறந்துவிட்ட தூளியாகத் தோன்றுகிறது. கையை நாள் முழுவதும் முஷ்டியாகவே வைத்திருந்தால் முஷ்டிக்குப் பலம் வராது, வலிதான் வரும். அந்தக் கையால் எதையும் வாங்கவும் முடியாது. பயம், பதற்றம், பழைய வலி, நெடுநேரம் சிறுநீரை அடக்கும் உத்தியோகம் என்று இவற்றில் ஏதோ ஒன்றினால் இத்தசை எப்போதும் இறுகியே இருக்கப் பழகிவிடுவதுண்டு. அதன்மேல் இருநூறு தடவை இறுக்கச் சொன்னால் அது என்ன செய்யும்? சங்கோசத்துக்கு எதிர்ப்பதமாக விகாசம் என்றொரு சொல் இருக்கிறது. மலர் விரிவதை அப்படிச் சொல்வார்கள். உனக்கு வேண்டிய அப்பியாசம் அதுதான்.

வெந்நீர் ஒத்தடத்துக்குப் பின், மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி அகலச் சாய்த்து, கீழே தலையணைகளை முட்டுக்கொடுத்து வைத்துக்கொள். வயிற்றின்மேல் கையை வை. மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் நடுவேயுள்ள தசைத்திரை கீழே இறங்குகிறது. அதனோடு கூடவே இடுப்புத்தளமும் இயல்பாகச் சிறிது தாழ்ந்து இடம்கொடுக்கும். அந்தத் தாழ்வை முக்கி வரவழைக்காமல், அதுவாக நிகழ்வதைக் கவனித்துக்கொண்டிரு. ஐந்து நிமிஷம், நாளைக்கு இரண்டு வேளை. சிறுநீர்க் கிருமியோ, கர்ப்பாசயத்தின் உட்சவ்வு வெளியே வளரும் நோயோ வலிக்குக் காரணமா என்று மருத்துவர் பார்த்தாக வேண்டும். பிறகு இடுப்புத்தளத்துக்கான பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போனால், இறுகிய முடிச்சுகளைக் கையாலேயே தளர்த்திக் கொடுப்பார். அதுவரை வேதனையைப் பொறுத்துக்கொண்டு கணவரோடு இணங்க வேண்டிய கடமை ஏதுமில்லை என்பதை நான் சொன்னதாகவே அவரிடம் சொல்லலாம்.

ஆறு வாரம் கழித்து எனக்கு மறுபடி எழுது. தலைவலியைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம். இதை முதல் வரியிலேயே எழுது.